அறிமுக வாரத்துச் சாப்பாடு

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் துறையில் முதலில் பார்ப்பது பேராசிரியர்களை அல்ல, அட்டை அக்காவைத்தான். மாடிப்படி முடியும் இடத்தில் மேசை போட்டு, எதிரே அடையாள அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொன்னால் அட்டையை எடுத்து நீட்டி, "கழுத்துல மாட்டிக்கோங்க. பைக்குள்ள கிடந்தா லைப்ரரில விடமாட்டாங்க" என்பார். அதனால்தான் அந்தப் பெயர் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தடுப்பூசிச் சான்றிதழையோ கட்டண ரசீதையோ கொடுக்காமல் கொஞ்ச நாள் இழுத்தடித்த பிறகுதான் பெயரின் இன்னோர் அர்த்தம் விளங்கும். பிடித்தால் விடமாட்டார். இது அக்காவுக்கும் தெரியும். "உப்பைக் கொண்டு வந்து போடுங்க, விட்டுடறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் அங்கே வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். வணிகவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், பிரசவ விடுப்பில் போன தட்டச்சருக்குப் பதிலாக மூன்று மாதம் வந்து உட்கார்ந்தார். போனவர் திரும்பி வரவில்லை, வந்தவர் எழுந்து போகவில்லை. தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. துறைத்தலைவர்கள் மாறினார்கள். அக்கா மாறவில்லை. கல்யாணத்துக்கும் அந்தக் கட்டடம்தான் காரணம். ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொண்ட தன்னைக் கதவை நெம்பி வெளியே எடுத்த மெக்கானிக்கைத்தான் பிறகு கட்டிக்கொண்டார். "லிஃப்டுக்காரர் வீட்டுக்கே வந்துட்டார். இனிமே பயம் எதுக்கு?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அக்கா இன்றுவரை படியில்தான் ஏறுகிறார்.

அக்காவுக்கு ஒரே தம்பி. பத்து வயது இளையவன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா தையல் கடையில் காலையிலிருந்து இருட்டும்வரை மிஷின் மிதித்தார். அதனால் தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது, பரீட்சையில் அவன் கோட்டை விட்டபோதெல்லாம் வாத்தியார் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றது எல்லாம் அக்காதான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் கைப்பக்குவம் இருந்தது. ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, வெங்காயம் நறுக்கி, கடைசியில் தலைமைச் சமையல்காரனாகவே ஆனான். அந்த ஹோட்டல் மூடப்பட்டபோது பெண்டாட்டியும் அவனுமாக வீட்டுப் பின்கட்டில் இரண்டு அடுப்பு வைத்து, சின்னச் சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வருடம் அறிமுக வாரம் நெருங்கும்போது, கல்லூரிக் கேன்டீனில் குழாய் மாற்றுவதற்காகத் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். புது மாணவர்களுக்கு மூன்று நாள் மதியச் சாப்பாடு போட்டாக வேண்டும்.

"வெளியில யாரையாவது பாருங்களேன்" என்றார் துறைத்தலைவர். ஒல்லியான, அதிகம் பேசாத அம்மாள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர்.

"என் தம்பி சமைக்கிறான் மேடம். சொந்தம்னு பாக்காதீங்க. ஒருநாள் கொண்டு வரச் சொல்றேன், வாயில வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

கொண்டுவந்தான். சாப்பிட்டார்கள். துறைத்தலைவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அத்தோடு முடிவாயிற்று.

முதல் நாள் சாப்பாட்டில் யாரும் குறை சொல்லவில்லை. புதியவர்களில் எல்லா வகையும் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்த டாக்டர்கள், பல் வைத்தியர்கள், புள்ளியியல் படித்தவர்கள், மாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். நாற்பதைத் தாண்டிய ஒரு நர்ஸும் இருந்தார். இத்தனை காலம் அவசர சிகிச்சை வார்டில் நின்றே வாழ்ந்தவர், இனி உட்கார்ந்து படிக்கலாமே என்று வந்திருந்தார். அறிமுகம் இல்லாதவர்கள் சாப்பாட்டு வரிசையில்தான் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தம்பி சமையல்தான்" என்று கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

இரண்டாம் நாள் வேனிலிருந்து பாத்திரங்களை இறக்கும்போது தம்பியின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்ததை அக்கா பார்த்தார்.

"என்னடா கையில?"

"டின் மூடி கிழிச்சிடுச்சுக்கா. முந்தாநாள். ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன்டா இப்படி வீங்கியிருக்கு? டாக்டர்கிட்ட காட்டு."

"காட்டுறேன், காட்டுறேன். இந்த மூணு நாள் வேலை முடியட்டும்."

அதற்குள் மைக் வேலை செய்யவில்லை என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். அக்கா ஓடிவிட்டார்.

அன்றைக்குச் சோறு, காய்கறிக் கூட்டு, கோழி வறுவல், கடைசியில் பழங்கள் போட்ட கஸ்டர்டு. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். துறைத்தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவர் பார்ப்பது ஒரு நோயாளியை, நாம் பார்க்க வேண்டியது ஊர் முழுவதையும் என்று அவர் வருடா வருடம் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த பல் வைத்தியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பின்னால் இன்னொருவர். அப்புறம் ஒரே நேரத்தில் நாலைந்து பேர். தேநீர் வரும்போது குடிக்க ஆள் இல்லை. கழிவறை வாசலில் வரிசை. படிக்கட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மாட்டு வைத்தியர் ஜன்னலோரத்துப் பூந்தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கைப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினார். "அக்கா, சர்க்கரை, உப்பு, கொதிச்சு ஆறின தண்ணி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அப்புறம் வாளி." அக்கா பறந்தார். நாற்காலிகளை ஒதுக்கித் தரையில் ஆட்களைப் படுக்க வைத்தார்கள். ரொம்ப வாடிப்போன சிலரை மருத்துவமனைக்கு அனுப்பிச் சலைன் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் எல்லோருக்கும் உயிர் திரும்பியிருந்தது. யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் கல்லூரி முழுக்க ஒரே பேச்சு. சுகாதாரம் படிக்க வந்தவர்களுக்கே சுகாதாரமான சாப்பாடு போடத் தெரியவில்லை என்று பக்கத்துத் துறைக்காரர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதாக இருந்தது. துறைத்தலைவர் அதை ரத்து செய்தார். வர முடிந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து, "நீங்க ரெண்டு வருஷம் கழிச்சுச் செய்ய வேண்டிய வேலை இன்னைக்கே வந்திருக்கு" என்றார். "எதனால வந்ததுன்னு கண்டுபிடிப்போம். நகராட்சி சுகாதார ஆபீசுக்குச் சொல்லிட்டேன். அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம வெறும் கையோட நிக்கக் கூடாது."

எல்லோரும் ஒருமுகமாகக் கோழியைத்தான் குற்றம் சொன்னார்கள். கோழியையே தொடாத இரண்டு பேரும் வாந்தி எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கோழி தப்பித்தது. பிறகு முறையாகத் தொடங்கினார்கள். யார் யார் எதைச் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிடவில்லை, எப்போது வயிறு புரட்டியது என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். நோய் வந்தவர்களை மட்டும் கேட்டால் போதாது, வராதவர்களையும் கேட்டாக வேண்டும் என்று துறைத்தலைவர் அழுத்திச் சொன்னார்.

அப்படித்தான் நர்ஸ் அக்காவின் மேசைக்கு வந்தார்.

அக்கா அதுவரை எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நர்ஸிடமும் அதையே சொன்னார். "நானுந்தானே சாப்பிட்டேன். கல்லு மாதிரி உட்காந்திருக்கேன் பாருங்க. சாப்பாட்டுல கோளாறுன்னா எனக்கு வந்திருக்காதா? தண்ணியா இருக்கும். கேன்டீன் குழாயை நோண்டிப் போட்டிருக்காங்களே."

"இருக்கலாங்க்கா. சோறு சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"கூட்டு?"

"ஆமா."

"கோழி?"

"ரெண்டு துண்டு."

"கஸ்டர்டு?"

"எனக்குச் சுகர் இருக்கும்மா. இனிப்பைக் கண்ணால பாக்கறதோட சரி."

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. நர்ஸ் குறித்துக்கொண்டார். அக்காவுக்குத் தம்பியின் கட்டைவிரல் கண்முன் வந்து நின்றது. இந்தத் துறையில் எத்தனையோ பேராசிரியர்களின் பாடக் குறிப்புகளை அவர் தட்டச்சு செய்திருக்கிறார். புண் உள்ள கை, அது படுகிற பால் பண்டம், அதை வெளியில் வைப்பது என்று வரி வரியாக அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. விரல் வழியாகப் போனது தலைக்குள் போகவில்லை. நேற்றுக் காலையில் வீக்கத்தைப் பார்த்தபோது அவர் அக்காவாக மட்டும்தான் பார்த்தார்.

நர்ஸ் எழுந்து போகப் பார்த்தார். சொல்லாமல் இருந்தால் அவருக்குத் தெரிய வழியில்லை. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் உட்காரும்மா. என் தம்பிக்குக் கையில காயம். துணி சுத்தியிருந்தான். வீங்கியிருந்துச்சு. நான் பார்த்தேன்."

நர்ஸ் மறுபடியும் உட்கார்ந்தார். "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்குள் கணக்கு வந்துவிட்டது. கஸ்டர்டு சாப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் படுத்துவிட்டார்கள். சாப்பிடாதவர்களில் ஒருவர்கூட இல்லை. துறைத்தலைவர் அதைப் பலகையில் கட்டம் போட்டு எழுதினார். பின்வரிசையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். பலகையில் எழுதியது அவருக்கு மட்டும் வேறு மாதிரி தெரிந்தது.

அன்று மாலை நர்ஸையும் நகராட்சி சுகாதார ஆய்வாளரையும் அக்காவே தம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க வர வேண்டாம், சங்கடம்" என்று துறைத்தலைவர் சொல்லிப் பார்த்தார். "முன்பின் தெரியாதவங்க போய்க் கதவைத் தட்டினா பயந்துடுவான் மேடம்" என்றார் அக்கா.

தம்பிக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் வந்தவர்களைப் பார்த்ததும் சுருங்கியது.

"நீயே ஆளைக் கூட்டிட்டு வந்துட்டியாக்கா?"

"கையைக் காட்டுடா."

அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். சின்ன வயதில் எதையாவது திருடித் தின்றுவிட்டு நிற்பதும் இப்படித்தான். அவன் பெண்டாட்டிதான் முன்னால் வந்தாள். "காட்டுங்க. ராத்திரியெல்லாம் வலி தாங்காம முனகிட்டு, இப்ப எதுக்கு மறைக்கிறீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். துணியை அவிழ்த்தபோது நகத்தோரம் சீழ் கட்டியிருந்தது.

ஆய்வாளர் அதட்டவில்லை. கேட்டதற்கெல்லாம் பெண்டாட்டியே பதில் சொன்னாள். கஸ்டர்டை விடியற்காலையில் செய்தார்கள். பழங்களை வெட்டிப் போட்டு, சரியாகச் சேர்ந்ததா என்று கையாலேயே கிளறிவிட்டான். ஃபிரிட்ஜ் முழுக்கக் கோழி. எள்ளுப் போட இடமில்லை. கஸ்டர்டு பானையை மூடி, ஜன்னலோரம் காற்று வரும் இடத்தில் வைத்தார்கள். ஆய்வாளர் காயத்திலிருந்து பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டார். பானையின் அடியில் மிச்சம் ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுத்துக்கொண்டார். காயம் ஆறி, பயிற்சி வகுப்பு முடித்து, சமையலறையைத் திரும்பப் பார்வையிடும்வரை யாருக்கும் சமைத்துக் கொடுக்கக் கூடாது என்றார்.

அவர்கள் வாசலுக்குப் போனதும் தம்பி அக்காவைப் பார்த்தான்.

"உன்னை நம்பித்தானேக்கா சமைச்சேன்."

"உன்னை நம்பித்தானேடா அவங்க சாப்பிட்டாங்க."

அவன் உள்ளே போய்விட்டான். அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். தெருமுனை வரைக்கும் நர்ஸ் கூடவே நடந்தார். பேருந்து வந்தபோது அக்காவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவ்வளவுதான்.

சோதனை முடிவும் அதையேதான் சொன்னது. காயத்தில் இருந்த கிருமியும் பானையில் இருந்த கிருமியும் ஒன்று. துறைத்தலைவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், உணவு ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது தானே என்று எழுதினார். அக்காவின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. தம்பியின் வேலைக்குத்தான் வந்தது. பயிற்சிக்குப் போனான், சான்றிதழ் வாங்கினான், சமையலறைக்கு மறுபடி அனுமதியும் கிடைத்தது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. ஊர் வாயை மூட எந்த ஆய்வாளராலும் முடியாது.

தம்பி அக்காவோடு பேச்சை நிறுத்தினான். போன் எடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அழைப்பாள். "இன்னைக்கு ஒரு மருத்துவமனைச் சமையலறையில இன்டர்வியூ போயிருக்கார் அண்ணி." "கிடைச்சிடுச்சு அண்ணி. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." அக்கா சொல்லவில்லை. வீட்டில் அவர் வழக்கத்தைவிட அதிகமாகப் பாத்திரங்களைத் தேய்த்தார். லிஃப்டுக்காரர் ஒருநாள், "நீ பண்ணது தப்பில்ல" என்றார். "தப்பில்லன்னு எனக்குத் தெரியும். அதுக்காக வலிக்காம இருக்குமா?" என்றார் அக்கா. லிஃப்டுக்காரர் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

சில மாதங்கள் கழித்து லிஃப்டுக்காரருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. தம்பி வேலை பார்க்கும் அதே மருத்துவமனை. அக்கா அதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாக அவன் பெண்டாட்டி பிறகு சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்ததால்தான் என்பது அக்காவின் கட்சி. இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் ஆள் வரவில்லை. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, வாய்மூடி எல்லாம் போட்டுக்கொண்டு தம்பியே தட்டோடு வந்து நின்றான். கண்ணை மட்டும் வைத்து அக்கா அடையாளம் கண்டுகொண்டார்.

"மாமாவுக்கு உப்பு கம்மியா போட்டிருக்கு" என்றான் கட்டிலைப் பார்த்து.

"சரிடா."

தட்டை வைத்தான். போகவில்லை. கட்டில் கால் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

"நீ சாப்பிட்டியாக்கா?"

"இல்லடா."

"கீழ வா. இனிப்பு இல்லாம எடுத்து வைக்கிறேன்."

அடுத்த அறிமுக வாரத்தில் துறைத்தலைவருக்கு ஓர் எண்ணம் வந்தது. போன வருட நிகழ்ச்சியையே புதியவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். அக்காவிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா தம்பியைக் கேட்டார். "கல்யாண மண்டபம்னு மாத்திச் சொல்லச் சொல்லு. என் பேரோ உன் பேரோ வரக் கூடாது" என்றான். அப்படியே மாற்றினார்கள்.

பாடம் நன்றாகத்தான் போயிற்று. புதியவர்கள் குழுக் குழுவாக உட்கார்ந்து கட்டம் போட்டுக் கஸ்டர்டைப் பிடித்துவிட்டார்கள். எதனால் இப்படி நடந்திருக்கும் என்று துறைத்தலைவர் கேட்டபோது, "சமையல்காரன் சோம்பேறி" என்றார் ஒருவர். "அழுக்குப் பிடிச்ச ஆளு" என்றார் இன்னொருவர். யாரோ அவன் கஸ்டர்டைக் கிளறுவது மாதிரி நடித்துக் காட்ட, கூடமே சிரித்தது. இப்போது இரண்டாம் வருடத்தில் இருந்த நர்ஸ், உதவிக்கு வந்தவர், சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா அங்கே விட்டுப்போன அட்டைகளைக் கொடுப்பதற்காக நின்றுகொண்டிருந்தார்.

"அவன் சோம்பேறி இல்ல" என்றார் அக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "விடிய மூணு மணிக்கு எழுந்திரிப்பான். அது என் தம்பி."

நடித்துக் காட்டியவர் உட்கார்ந்துவிட்டார். துறைத்தலைவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அப்போது ஜன்னல் பக்கம் இருந்த ஒரு பெண், பள்ளிக்கூட வாசனை இன்னும் போகாத முகம், கையைத் தூக்கினாள்.

"அவருக்குக் கை சரியாயிடுச்சாங்க?"

போன வருடம் முழுக்க எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். எந்தக் கை, எத்தனை நாளாக, எங்கே வைத்தாய் என்றெல்லாம் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும்தான் கேட்கவில்லை.

"ஆறிடுச்சும்மா" என்றார். பிறகு கையிலிருந்த அட்டையைப் பார்த்து அந்தப் பெயரை வாசித்தார். அது அவளுடையது இல்லை, வேறு யாரோ எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்கள். துறைத்தலைவர் பலகைப் பக்கம் திரும்பி, ஏன் அந்த மனிதரால் ஒருநாள் லீவு போட முடியவில்லை என்று எழுதினார். அதைப் பற்றித்தான் மதியம்வரை பேசினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தம்பி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லியும் சொல்லிவிட்டாயே என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"பேரைச் சொல்லலடா. தம்பின்னுதான் சொன்னேன்."

"பெரிய வித்தியாசம்!"

பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு டாக்டரா?" என்று கேட்டான்.

"இல்லடா. புள்ளியியல்."

"அப்படின்னா?"

"கணக்குப் படிச்ச பொண்ணு."

அவன் அக்காவுக்குத் தட்டை எடுத்து வைத்தான். மருத்துவமனைச் சமையலறையில் அவனைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக்கப் போகிறார்கள் என்று அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள். இன்னும் உறுதியாகவில்லை என்று அவன் அவளைவிடச் சத்தமாகச் சொன்னான். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.